கைப்பிடி வைத்த டப்பா

"வந்து இருபத்து மூணு நாளாச்சுண்ணே. ஒரு ஈ காக்கா சீண்டல" என்றாள் போன் கடையில் வேலை பார்க்கும் இஷ்ரத்.

கல்லல் ஊரிலிருந்து வந்திருந்த வேல்பாண்டி, கண்ணாடி அலமாரிக்குள் இருந்த அந்தக் கையடக்க வீடியோ கேமைக் குனிந்து பார்த்தார். மகளுக்குப் பிறந்தநாள். எந்நேரமும் அவருடைய போனைப் பிடுங்கிக்கொள்கிறாளாம்.

"பக்கத்துல என்னமோ நீட்டிக்கிட்டு இருக்கே, என்னம்மா அது?"

"கைப்பிடிண்ணே. அதைச் சுத்துனா படத்துல வாளி மேல வரும். அம்புட்டுத்தான்."

"அதுக்கா இம்புட்டு வெல?"

"ஆமா. கல்லல்ல கெணறே இல்லையாண்ணே? காசு குடுத்து இதுல வந்து எறைக்கணுமா?"

வேல்பாண்டி சிரித்துவிட்டார். இஷ்ரத் சிரிக்கவில்லை.

"போன்ல ஆயிரம் விளையாட்டு சும்மா எறங்குது. அதோட மல்லுக்கட்ட முடியல. சரி, எதையாச்சும் ஒட்டி விடுவோம்னு கம்பெனிக்காரன் ஒரு கைப்பிடிய ஒட்டி விட்டிருக்கான். மாட்டுக்கு எறக்கை கட்டி விட்ட மாதிரி. பறக்கவும் பறக்காது, உழவும் உழாது."

"சுத்திக்கிட்டே இருந்தா புள்ளைக்குக் கை வலிக்குமோ?"

"வலிக்காது" என்று சட்டென்று சொன்னவள், "பத்து நிமிசத்துல அலுத்துரும். பெறகு பரண்லதான் கெடக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

வேல்பாண்டி மகளுக்கு ஒரு போனே வாங்கிக்கொண்டு போனார்.

கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர் நாகநாதன். இருபத்தைந்து நாளுக்குள் விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மதுரை மொத்த வியாபாரி அவர் தலையில் கட்டிய சாமான் அது. விற்கும் பொறுப்பை இஷ்ரத்திடம்தான் கொடுத்திருந்தார்.

"இதோட நாலு பேரு. ஏன் இஷ்ரத்து, நீ சாமான விக்கிறியா, வெரட்டுறியா?"

"வாங்கிட்டுப் போயி நாளைக்கு நம்மளைத்தான் ஏசுவாகண்ணே. அதான் ஒரு போன வித்துட்டேன்ல?"

போனில் லாபம் கொஞ்சம் கூடுதல். நாகநாதன் கல்லாப் பணத்தை எண்ணத் தொடங்கினார்.

மூன்றே முக்கால் மணிக்குத் துர்காதேவி டீச்சர் வந்தார். போனுக்கு உறை வாங்க வந்தவர், உறையை மறந்துவிட்டு அலமாரிக்குள் விரலை நீட்டினார்.

"அட, இதுவா? வீடியோல பாத்தேன். எடும்மா, சுத்திப் பாப்போம்."

"வேணாம் டீச்சர். இதுல பேச முடியாது, போட்டோ எடுக்க முடியாது. படம் கறுப்பு வெள்ளதான். எங்க நன்னி சின்னப்புள்ளையா இருந்த காலத்து டிவி மாதிரி இருக்கும்."

"போன் பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சும்மா. அதுக்குத்தான் கேக்கேன்."

இஷ்ரத் அலமாரிக்குக் குறுக்கே வந்து நின்றாள். பிறகு குரலில் இன்னும் கொஞ்சம் ஏளனம் ஏற்றினாள்.

"ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து இதச் சுத்துறத யாராச்சும் பாத்தாகன்னு வைங்க. டீச்சர் தையல் மிசின வீட்டுல விட்டுட்டுச் சக்கரத்த மட்டும் கொண்டாந்துட்டாகளான்னு கேப்பாக. ஒரு புதுமையும் இல்ல டீச்சர். என்னையக் கவனிங்கடான்னு ஒரு கொம்பு. அம்புட்டுத்தான்."

நீட்டிய விரலை டீச்சர் மடக்கிக்கொண்டார். நீல நிற உறை ஒன்றை வாங்கிக்கொண்டு, அலமாரிப் பக்கம் திரும்பாமல் படியிறங்கினார்.

நாகநாதன் எழுந்து வந்தார். இந்த முறை முகத்தில் கோபம் இல்லை.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு. பிசிக்ஸ் படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். நாந்தான் மதுரைக்காரன் பேச்சக் கேட்டு ஏமாந்துட்டேன்."

அலமாரியைத் திறந்து அந்த வீடியோ கேமை எடுத்தார். கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள் போட்டார்.

"என்னண்ணே பண்றீக?"

"திருப்பி அனுப்பப் போறேன். கூரியர்காரன் நாலு மணிக்கு வாரான்."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கேண்ணே."

"ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது? கொம்புங்குற, எறக்கைங்குற. நீ சொன்னதையெல்லாம் கேட்டதுக்கப்புறம் இதப் பாத்தாலே எனக்குக் கூசுது."

"இல்லண்ணே, யாராச்சும்..."

"யாராச்சும்? போன் இருக்குற ஊருல இதப் போயி எவன் வாங்குவான்? புத்தி பெசகுனவன்தான் வாங்குவான்."

டேப்பைக் கிழித்துப் பெட்டியின் ஒரு பக்கத்தை ஒட்டினார். அடுத்த பக்கத்தை ஒட்டக் குனிந்தபோது, மூடியின் மேல் இஷ்ரத்தின் கை இருந்தது.

அவள் காது வரை சிவந்திருந்தாள்.

"கைய எடு தாயி. வெளிய வண்டி வந்துருச்சு" என்ற நாகநாதன், டேப்பைப் பல்லில் கடித்தபடி சிரித்தார். "ஒண்ணு மட்டும் ஆசைதான் எனக்கு. இத வாங்குற கிறுக்கு மூஞ்சிய ஒரு தடவையாச்சும் பாத்துரணும்."

இஷ்ரத் மெல்ல முகத்தை நிமிர்த்தினாள்.

"அனுப்பாதீகண்ணே. நாளன்னைக்கு ஒண்ணாந்தேதி. சம்பளம் வந்ததும் நானே வாங்கிக்கிறேன்."