நாட்டு நண்டு

கடல் சூடேறிய பிறகு வலையில் விழுந்ததெல்லாம் சூட்டைத் தாங்கும்படி கம்பெனி உருவாக்கிய நண்டுதான். அதன் உரிமை கம்பெனிக்கு; பிடித்தால் திருட்டு. ஜெசிந்தாளின் புருஷன் அந்தக் கேஸில்தான் சிறைக்குப் போய்ப் பிணமாகத் திரும்பினான்.

எல்லாம் ஒரே வார்ப்பு என்பதால், ஒரு நோய் வந்ததும் கம்பெனி நண்டுகள் மொத்தமாகச் செத்து மிதந்தன. தலைமுறை தலைமுறையாகச் சூட்டுக்குத் தானே பழகிப் பிழைத்த நாட்டு நண்டு ஒன்று, சினையோடு, ஜெசிந்தாளின் வலையில் சிக்கியது. கேள்விப்பட்டு, கேஸ் போட்ட அதே கம்பெனி அதிகாரி ஓடிவந்தார்.

"அது ஒண்ணு இருந்தாப் போதும், புது வம்சமே எடுத்துருவோம். என்ன கேட்டாலும் தர்றோம்மா."

"முதல்ல சாப்பிடுங்க சார்."

சினை நண்டைச் சமைக்க அந்தக் கரையில் யாருக்கும் மனம் வராது. அது தெரிந்த அதிகாரி நிம்மதியாக நண்டுக் குழம்பை வழித்துத் தின்றார்.

"நண்டு எங்கம்மா?"

"அந்தா, இலையில கெடக்கே சார், நீங்க உறிஞ்சிப் போட்ட ஓடு."