பின்னறைக் கோலம்

“உள்ள எவ்வளவு கத்துனாலும் வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்கப்பிடாது.”

வீட்டுக்காரர் ராஜகுமார் இப்படிச் சொன்னதும், சுவரை அளந்துகொண்டிருந்த பெமிலா நிமிர்ந்து பார்த்தாள். கோலம் செதுக்கிய தென்னைநார்ப் பலகைகளைச் சுவரில் பதித்து எதிரொலியை அடக்குவது அவள் தொழில். கல்யாண மண்டபத்துக்குச் செய்திருக்கிறாள், சர்ச்சுக்குச் செய்திருக்கிறாள். குலசேகரத்து ரப்பர் தோட்டத்துக்குள் ஒற்றையாய் நிற்கிற வீட்டின் பின்னறைக்கு இது எதற்கு?

பலகை எதிரொலியைத்தான் குடிக்கும், சத்தத்தைத் தடுக்காது என்றாள். அப்படியானால் பின்னால் ரப்பர் ஷீட் வையுங்கள், கதவு இடுக்கையும் அடையுங்கள் என்றார். பழைய நோட்டிலிருந்து ஒரு சிக்குக்கோலத்தைக் கிழித்துக் கொடுத்தார். அதுதான் வேண்டுமாம்.

வாசலிலோ கோலமே இல்லை. அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில்தான் அப்படி. முன்னறையில் இரண்டு பெண்பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்கே என்று அவர்களிடம் கேட்டால், படுத்திருக்கிறாள் என்றதோடு சரி.

கடைசி நாள், வேலை முடிந்ததைச் சொல்ல அவரைத் தேடிப் போன பெமிலா பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். வாய் நிறையத் துண்டு. கண் பிதுங்க பெமிலாவையே பார்த்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

பாவி மனுஷன், இதற்கா என் கோலம்? பெமிலா போனை எடுத்தாள். போலீசுக்கு அடிக்குமுன் பின்னால் நிழல் விழுந்தது.

“பாத்துட்டியளா? சரி, நீங்களும் வாங்க.”

ராஜகுமார் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தார். அவளை விட்டுவிட்டு ஓட மனம் வராமல் பெமிலாவும் போனாள். அவர் கதவைச் சாத்தியதும், தன் நெஞ்சு அடிப்பதைத் தவிர அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

“அன்னக்கிளி, இனி துண்டு வேண்டாம்ட்டி.”

அவளைச் சுவரோரமாய் உட்காரவைத்துவிட்டு, பெமிலாவின் பக்கம் திரும்பினார்.

“கேன்சர் வலி. அழுதா பிள்ளையளுக்குப் படிப்பு ஓடாதுன்னு எட்டு மாசமா துண்டைக் கடிச்சிட்டுக் கெடக்கா. வாசல்ல கோலம் போடக் குனிய முடியல்ல. அவ நோட்டுல போட்டு வச்ச கோலத்தையாவது பாத்துட்டு, வாய்விட்டு அழட்டும்.”

அன்னக்கிளி தன் கையாலேயே துண்டை உருவினாள். சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு பெமிலாவிடம் மெல்லக் கேட்டாள்.

“பிள்ளையளுக்குக் கேக்காதுல்லா?”

பெமிலா போனைப் பையில் போட்டுவிட்டு, கதவைத் தானே இன்னொரு முறை அழுத்திச் சாத்தினாள்.