ஏழு தலைக்கு எத்தனை டோக்கன்?

தலையில் வைத்த கத்தி நடுங்கியது. துளசிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாதித் தலை மழித்தாகிவிட்டது; மீதியை இந்தக் கையை நம்பி எப்படிக் கொடுப்பது?

திருத்தணியில் அரையாண்டு லீவுக் கூட்டம், மொட்டைக் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. டோக்கனை நீட்டிவிட்டு உட்கார்ந்ததுமே, பின்னால் கத்தியோடு நின்ற நாவிதர் சின்னசாமி அவர் பிடரியை அமுக்கி, குனிந்தே இருக்கச் சொல்லிவிட்டார். குனிந்த தலைக்கு வேறு வேலை இல்லை. மடியில் நாவலை விரித்துக்கொண்டார்.

லீவிலாவது சிரித்த முகமாக இருக்கட்டும் என்று மனைவி நிர்மலா ரயிலில் கையில் திணித்த நாவல். ஏழு தலைப் பூதம் ஒன்று வேண்டுதலுக்கு மொட்டை போட மலைக்கு வருகிறது. ஆளுக்கு ஒரு டோக்கனா, தலைக்கு ஒரு டோக்கனா என்று கவுன்டரில் தகராறு.

இந்த வயதில் பூதக் கதையா என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. மூடி வைத்தால் பூதம் என்ன ஆனதோ என்று மனசு அரித்தது. சிரிப்பு வரும்போதெல்லாம் தலை அசையாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். சொல்லிவைத்தாற்போல் அப்போதெல்லாம் கத்தியும் நடுங்கியது.

"புக்க கொஞ்சம் வலது பக்கம் நவுத்துங்க. அப்பதான் தலை நேரா நிக்கும்" என்றார் சின்னசாமி.

நகர்த்தினார். தான் வேண்டிக்கொள்ளவே இல்லை என்று பூதத்தின் மூன்றாவது தலை அடம்பிடித்தது. காதுக்கு மேல் கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

ஆள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ? முகர்ந்து பார்த்தார், சந்தன வாசனைதான் வந்தது. அப்படியானால் கைநடுக்கம். அரை மொட்டையோடு எழுந்து ஓடவும் வழியில்லை. வெளியே மச்சான் குடும்பமே செல்போனும் கையுமாகப் படமெடுக்கக் காத்திருந்தது.

சாமி மலையில் பூதத்தைப் படித்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று துளசிங்கத்துக்குத் தோன்றிவிட்டது. புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். முருகா என்று கண்ணையும் மூடிக்கொண்டார்.

நடுக்கம் நின்றது. கத்தியும் நின்றது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"சீக்கிரம் எடுத்து வுடுங்க. வெளிய ஆளுங்க நின்னுகினு இருக்காங்க" என்றார் துளசிங்கம்.

சின்னசாமி நிதானமாகக் கத்தியைக் கழுவினார், துடைத்தார், மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு துளசிங்கத்தின் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல பையத் தொறங்க, நைனா. பூதத்துக்கு எத்தினி டோக்கன் குட்த்தானுங்க?"