ஹெட்போனில் சத்தம் வரவில்லை

வேணும்னேதான் பண்றார் என்று தையல்காரம்மா முடிவே கட்டிவிட்டாள். கட்டின புருஷன்தான். அதற்காகப் பெற்ற மகள் விஷயத்தில் இவ்வளவு கல்நெஞ்சு ஆகுமா?

மகளுக்கு வெளிநாட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் கம்ப்யூட்டரில் கூப்பிடுவாள். இரண்டு ஞாயிறாகத் திரையில் அவள் வாய் அசைகிறது, ஹெட்போனில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அம்மா பேசுவது மட்டும் அங்கே நன்றாகக் கேட்கிறதாம். மகள் எழுதி அனுப்புவதை இவள் கண்ணாடியைத் தேடி மாட்டிப் படிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். வருகிற புதன்கிழமை மகளுக்கு ஆபரேஷன். பித்தப்பையில் கல். துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் தனியாகப் போய்ப் படுக்கப் போகிறாள். அதற்கு முன்னால் பேச இந்த ஞாயிறு ஒன்றுதான் பாக்கி.

புருஷன் மேல் சந்தேகம் சும்மா வரவில்லை. அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். ஒயரும் கரண்டும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. மகள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, "என் பேச்சைக் கேக்காம போறவ, போனவளாவே இருக்கட்டும்" என்றார். அதோடு சரி. இரண்டு வருஷமாக அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. பத்து மணி அடித்தால் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கம்ப்யூட்டரில் கை வைத்தீர்களா என்று நேற்று நேராகவே கேட்டுவிட்டாள். தனக்கு வேறு வேலை இல்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு செப்புக்கம்பியைச் சுற்றப் போய்விட்டார்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஞாயிறு லீவு. ஆனாலும் ஆபரேஷன் என்று கேட்டதும் தலைகூடத் துவட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எப்போதிலிருந்து இப்படி என்று விசாரித்தாள்.

"ஹெட்போன் வந்தே ஒரு மாசம்தான்மா ஆகுது. மக அனுப்பினா. அதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்லதான் பேசுவேன், வீடு பூரா கேக்கும். இந்த மனுஷனுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு அதைக் கழட்டி அலமாரி மேல போட்டுட்டேன்."

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே ஒரு சவுண்ட் கார்டு இருக்கிறது. இந்த ஹெட்போன் தனக்கென்று இன்னொன்றைக் கூடவே கொண்டு வந்திருக்கிறது. சத்தம் எதன் வழியாகப் போக வேண்டும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். இப்போது பழைய வழி தேர்வாகியிருக்கிறது.

"பழைய வழியிலதான் எதுவுமே மாட்டலையே" என்றாள் தையல்காரம்மா.

சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லி ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டு, அந்தப் பெண் மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவே காணோம். பிறகு எழுந்து, ஐயாவிடம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி வருவதாகச் சைகை காட்டிவிட்டுப் பின்னறைக்குள் போனாள். அவள் பையிலேயே நாலு ஸ்க்ரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்தன. இருந்த பதற்றத்தில் தையல்காரம்மா அதைக் கவனிக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். ஏதோ நாலைந்து இடத்தில் தட்டினாள். ஹெட்போனில் டிங் என்று மணி அடித்தது.

"ரெண்டு வழியிலயும் போற மாதிரி வச்சிருக்கேன்மா. இனிமே மாறாது."

"யாரு மாத்தினது? அவர்தானே?"

"இல்லம்மா, சில நேரம் தானாவே மாறிக்கும்."

தையல்காரம்மாவுக்கு வயிறு குளிர்ந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. பாவம், அந்த மனுஷன் மேல் அநியாயமாகப் பழி போட்டுவிட்டோமே. அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் கண்ணு" என்றாள்.

சரியாகப் பத்து மணிக்கு அழைப்பு வந்தது.

"அம்மா, இன்னிக்காவது கேக்குதா?"

கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. மகளே ஆறுதல் சொன்னாள். சின்ன ஆபரேஷன்தான், இரண்டு நாளில் எழுந்து நடக்கலாம் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், லேசாகப் பயமாக இருப்பதாகவும் சொல்லிவிட்டாள். கடைசியில் வாராவாரம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா எங்கேம்மா?"

வாராவாரம் சொல்கிற பொய்யை இவளும் சொன்னாள். "இப்பதான்டி வெளியே போனார். உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னார்."

"அம்மா, அங்கே யாரோ பேசறாங்க. அப்பா குரல் மாதிரி இருக்கு."

தையல்காரம்மா திரும்பினாள். பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு அவர் நின்றிருந்தார். சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் மகள் குரல் நிற்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், காயில் கட்டுகிற மேஜையிலிருந்து, அவள் அலமாரி மேல் போட்டிருந்ததை எடுத்து வந்து கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் இழுத்து மாட்டியிருந்த அந்தப் பழைய ஸ்பீக்கரிலிருந்து, "அப்பா, அப்பா" என்று வந்துகொண்டே இருந்தது.

தையல்காரம்மா கம்ப்யூட்டர்காரப் பெண்ணைத் தேடினாள். அவள் பையைக்கூட எடுக்காமல் எப்போதோ வெளியே நழுவியிருந்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"வெளியே போகலைன்னு சொல்லு. ரெண்டு வருஷமா கதவுக்குப் பின்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நீ அந்த ஹெட்போனை மாட்டினதுலேருந்துதான் எனக்கு எம் பொண்ணு குரல் இல்லாம போச்சு."