மட்டி குடித்த ஒரு வாய்த் தண்ணீர்

வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டு ஓர் இறால் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தாள். முட்டைகள் அன்றைக்கே பொரிந்துவிடும்போல இருந்தன. இனி வேறு ஏரி தேடிப் போக அவளுக்குத் தெம்பில்லை.

அடிச்சேற்றில் நெளிந்துகொண்டிருந்த சிவப்புப் புழுவிடம், "அண்ணே, இந்தத் தண்ணி பிள்ளைங்களுக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

"அமிர்தமா இருக்கு, தங்கச்சி!"

பக்கத்தில் இறுக மூடிக் கிடந்த மட்டிச் சிப்பிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "அவன் பேச்சை நம்பாதே. ஏரியில சாக்கடை விழுந்தப்பவும் அமிர்தம்னுதான் சொன்னான். அன்னைக்கு மூடின ஓடுதான், நான் இன்னும் திறக்கலை."

புழு கோபித்துக்கொள்ளவில்லை. "நிஜம்தான், எனக்கு எதுவும் ஒத்துக்கும். ஆனா சாக்கடையை அடைச்சு ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. நீங்கதான் ருசி பார்த்துச் சொல்லணும்க்கா."

இறால் மனசுக்குள் ஆண்டவனை வேண்டிக்கொண்டாள். "என் பிள்ளைங்களுக்காக ஒரே ஒரு வாய் குடிச்சுப் பாருங்கக்கா," என்றாள்.

மட்டியின் ஓடு நூலளவு விலகியது. தண்ணீர் உள்ளே போனது. இறால் நெருங்கி வந்தாள்.

"என்னக்கா?"

ஓடு மெல்ல மெல்ல அகலத் திறந்தது.

"இரு," என்றாள் மட்டி, "இன்னொரு வாய் குடிச்சுக்கறேன்."