ஒத்திகைச் சாப்பாடு

“நாளைக்கும் இப்படி முழங்கையை மேசையில ஊனிக்கிட்டு உக்காந்தே, சம்பந்தம் கையை விட்டுப் போயிடும்” என்றார் டிரைவர்.

கொத்தனார் சட்டென்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார். சும்மா கிடந்து பழகாத கைகள். அங்கேயும் மேசைத் துணியின் ஓரத்தைத் தடவித் தடவி நீவிவிட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் இரவு இதே ஹோட்டலில்தான் அவர் மகளின் கல்யாணப் பேச்சு. பையனும் பெண்ணும் தாங்களே பார்த்து முடிவு செய்தது. பேசுவதற்கு இந்த இடத்தைப் பிடித்ததும் அவர்களே. பையனின் அப்பா ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராம். அதைக் கேட்டதிலிருந்து கொத்தனாருக்குச் சரியாகத் தூக்கமில்லை. நம்பரை மகள் கொடுத்தும், அவரிடம் ஒரு வார்த்தை பேசத் துணிச்சல் வரவில்லை. கடைசியில், கூட்டாளிகளான டிரைவரையும் பெயின்டரையும் இழுத்துக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே ஒத்திகை பார்க்க வந்துவிட்டார்.

“எம்பொண்ணு என்னால தலைகுனியக் கூடாதுப்பா. எனக்கு அவ்வளவுதான்.”

“நான் இருக்கேன், விடு. முதலாளியை இந்த மாதிரி எடத்துக்கு எத்தனை தடவை கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“நீ பார்க்கிங்கைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லையேடா” என்றார் பெயின்டர்.

பரிமாறும் பெண் வந்து நின்றாள். “இங்க எல்லாமே பியூஷன் சார். ஒரு நாட்டுச் சமையலை இன்னொரு நாட்டுச் சமையலோட கலந்து செய்வோம்.”

“கலவையாம்மா? அது நம்ம தொழில்தான்.” கொத்தனார் முகத்தில் அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது. ஆனால் மெனு அட்டையைத் திறந்ததும் அது போய்விட்டது. பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒரு படம்கூட இல்லை.

“பக்கத்து மேசையைப் பாத்துக்கோ. அவங்க செய்யறதை நாம செய்வோம்” என்று டிரைவர் காதைக் கடித்தார்.

பக்கத்து மேசையில் கோட்டுப் போட்ட ஒருவரும், எதிரே அவருடைய குண்டு நண்பரும் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டின் கை ஓரத்தில் கம்பெனி பெயர் போட்ட துணித் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“லேபிளைப் பிரிக்கலையே?” என்றார் கொத்தனார்.

“அதாண்டா ஸ்டைலு. ஒசத்தியான கோட்டுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?” என்ற டிரைவர், பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார்.

“அந்த ஐயாவுக்கு என்ன வருதோ, அதையே எங்களுக்கும் கொண்டாம்மா.”

முதலில் ஏதோ நூல் நூலாக வந்தது; மேலே பாலாடைக்கட்டி உருகிக் கிடந்தது. கூடவே ஆளுக்கு இரண்டு குச்சி. கொத்தனார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்காரர் கைக்கு ஒரு குச்சியாகப் பிடித்தபடி இவர்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்தாளு நம்மளையே பாக்குறாருடா.”

“நாம அடிக்கிற கூத்து அப்படி” என்றார் டிரைவர்.

பெயின்டருக்குப் பசி. குச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் அள்ளி வாயில் போட்டார். டிரைவர் அவரை அதட்ட வாயெடுப்பதற்குள், பக்கத்து மேசையில் கோட்டுக்காரரும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையை விட்டார்.

“பாத்தியா, இதைக் கையாலதான் சாப்பிடணும்” என்றார் டிரைவர், முன்பே தெரிந்தவர் மாதிரி.

கையால் சாப்பிட்டதும் ருசி தெரிந்தது. நன்றாகவே இருந்தது. கொத்தனார் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது ஒரு கறுப்புப் பலகை நிறையக் கூழாங்கல். அந்தப் பெண் ஏதோ விளக்கிச் சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெயின்டர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடக்கென்றது.

“அடப்பாவிங்களா, நெசமாவே கல்லுடா.”

கொத்தனார் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “இது கல்லு. இதுவும் கல்லு. இந்தா, இது உருளைக்கிழங்கு. மேல சாம்பல் நிறத்துல ஏதோ பூசியிருக்கான். சாப்பிடு.”

மூவரும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மேசையிலும் கடக்கென்றது. கோட்டுக்காரர் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல விட்டத்தைப் பார்த்தார்.

“பெரிய மனுஷங்க பல்லே போனாலும் மூஞ்சியில காட்டிக்க மாட்டாங்க. கத்துக்கோ” என்றார் டிரைவர்.

வயிறு நிறைந்ததும் கொத்தனாருக்கு மனசும் லேசாகியிருந்தது. கைகள் மேசைமேல் தாமாக வந்து உட்கார்ந்தன. டிரைவரின் முழங்கையும் மேசைமேல்தான் இருந்தது.

“இந்தத் தெம்போட சம்பந்திக்கு ஒரு போனைப் போட்டுடு. நாளைக்கு நேர்ல பாக்கப்போற மனுஷன்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசலைன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் பெயின்டர்.

கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் கொடுத்த நம்பரைத் தட்டினார். மறுமுனையில் மணி போனது. அதே நேரத்தில் பக்கத்து மேசையிலும் ஒரு போன் அடித்தது. கோட்டுக்காரர் தாடையிலிருந்து கையை எடுக்காமலே, இன்னொரு கையால் அதை எடுத்து, திரையில் வந்த பெயரைப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தார்.

“வணக்கம் சம்பந்தி, சொல்லுங்க. நான் வீட்லதான் இருக்கேன். நாளைக்குத்தானே, வந்துடறேன். அந்த மாதிரி எடமெல்லாம் நமக்குப் பழக்கம்தானே.”

அந்தக் குரல் கொத்தனாருக்கு ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் நேராகவும் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நாற்காலியை மட்டும் பக்கத்து மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நாளைக்கும் கையாலேயே சாப்பிட்டுக்கலாம் சம்பந்தி. அந்தக் கல்லு மட்டும் வேண்டாம்.”