ரோட்டைப் பார்த்த அடுப்படி

"பெட்ரூமுக்குள்ள செருப்போட வராதீங்க" என்றாள் சத்யபிரியா.

பாலகணேஷ் செருப்பைக் கழற்றினான். கரிசல் காலைச் சுட்டது. பெட்ரூம் என்பது தரையில் நாலு சுண்ணாம்புக் கோடு. சுவரும் கூரையும் இனிமேல்தான்.

கோவில்பட்டிக்கு வெளியே, பசுவந்தனை ரோட்டில் அந்த இடம். மழையில் எல்லைக்கற்கள் கரிசலுக்குள் இறங்கியிருந்தன. காலையில் அவனே ரோட்டிலிருந்து காலடியால் அளந்து வந்து, முழு வீட்டையும் மண்ணில் வரைந்திருந்தான்.

வாஸ்து நேரம் பத்தரைக்கு முடிகிறது. அதற்குள் ஜேசிபி முதல் குழியைத் தோண்டியாக வேண்டும். தவறினால் அடுத்த வாஸ்து நாளுக்கு ரெண்டு மாதம். வாடகை வீட்டுக்காரரோ சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மணி ஒன்பதே முக்கால். அடுப்படி எங்கே என்பதே இன்னும் முடிவாகவில்லை.

"ரோட்டப் பாத்துதான் இருக்கணும். நாள் பூரா செவுத்தையா பாத்துக்கிட்டு நிப்பேன்?"

"தாளிக்குத நெடி ஹாலுக்கு வரும்ட்டி."

"வரட்டும். ஒங்கள சாப்பிடக் கூப்பிடுத வேலை மிச்சம்."

பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெயர் இசக்கியப்பன் என்றும், ஊர் கடம்பூர் என்றும் சொன்னார். கோடுகளைச் சுற்றி மெதுவாக நடந்தார்.

"மேஸ்திரி போல. வேலை கேட்டு வந்திருக்காரு" என்று பாலகணேஷ் மனைவியிடம் முணுமுணுத்தான்.

"அவிய சொல்லுததுதான் சரி தம்பி" என்றார் இசக்கியப்பன். "அடுப்படிய முன்னால கொண்டாங்க. மாடிப்படிய வெளிய தள்ளுங்க. ஹால் ரெண்டடி கூடும்."

யாரும் கேட்காமலே ஒரு கோட்டைக் காலால் அழித்தார். சுண்ணாம்பு வாளியை வாங்கி, புதுக்கோடு போட்டார். அது கொஞ்சமும் கோணவில்லை.

சத்யபிரியா புது அடுப்படிக்குள் நின்று ரோட்டைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் புருஷனிடம் எதையும் கேட்கவில்லை. இசக்கியப்பனிடம்தான் கேட்டாள்.

"பாத்ரூம் கதவு ரெண்டரை அடி போதுமா அண்ணாச்சி?"

"பத்தாது. மூணே கால் வைங்க."

சத்யபிரியா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். "நான் என்ன அம்புட்டு குண்டாவா இருக்கேன்?"

"ஒங்களச் சொல்லல தாயி."

பத்து மணிக்கு வீடு முடிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியது அன்றுதான். இசக்கியப்பன் நாலு மூலையிலும் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஜேசிபி ரோட்டிலிருந்து இறங்கியது. பாலகணேஷ் கையைக் காட்டி அதைக் கூப்பிட்டான். நிம்மதியில் மனசு இளகியிருந்தது.

"அண்ணாச்சி, கட்டுத வேலையையும் நீங்களே எடுத்துக்கிடுங்க."

"எனக்கு எதுக்கு தம்பி வேலை? நான் மிச்சர் கடைல்லா வச்சிருக்கேன்."

"பெறகு எதுக்கு வெயில்ல இம்புட்டு மெனக்கெட்டீங்க?"

இசக்கியப்பன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மெஷின அடுத்த மனைக்கு விடச் சொல்லுங்க தம்பி, அதுதான் ஒங்களுது."